நடுவில் குழி விழுந்த கேக்

கேக்கின் நடுவில் மறுபடியும் குழி விழுந்திருந்தது.

ஆபரேட்டர் அதைக் கையால்தான் தெரிந்துகொண்டார். அவருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆறிய கேக்கின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நகர்த்துவார். நன்றாக வந்த கேக் என்றால் கை லேசாக மேடேறும். இன்றைக்குச் சாஸருக்குள் இறங்குவது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். முதலில் இனிப்பு, அடுத்து வெண்ணெய், கடைசியில் நாக்கின் அடியில் அந்தக் கசப்பு.

ஏழாவது சனிக்கிழமை இப்படி. செய்முறை மாறவில்லை. வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் தலா இருநூற்றைம்பது கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் பத்து கிராம், பால் அரைக் கோப்பை. அதே அடுப்பு, அதே தட்டு, அதே கை. நான்கு வருடமாக மேடேறிய கேக் ஏழு வாரமாக ஏன் குழி விழுகிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அதிலும் ஒரு விசித்திரம். எந்த வாரம் மிகவும் கவனமாகச் செய்தாரோ அந்த வாரம்தான் குழி ஆழமாக இருந்தது.

தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர் அவர். அதனால் நான்கு மாடிக் கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் ‘ஆபரேட்டர் சார்’. மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மகளும் இரண்டு மாதத்துக்கு முன் புது வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது இரண்டாம் மாடியின் அந்த வீட்டில் அவரும், அவருக்கு ஒத்தாசை செய்யும் சில கருவிகளும்தான்.

அந்தக் கருவிகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. அடுப்பின் திருகில் நூற்றெழுபத்தைந்து டிகிரிக்கு நேராக ஒரு ரப்பர் புள்ளி ஒட்டியிருந்தது. விரல் பட்டால் மிளகு மாதிரித் தெரியும். கோப்பையின் விளிம்பில் மாட்டும் ஒரு சின்னக் கொக்கி உண்டு. பால் அதன் காலைத் தொட்டதும் பீப் என்று கத்தும், ஊற்றுவதை நிறுத்திவிடலாம். கேக்குக்குள் குத்தினால் சூட்டைச் சொல்லும் பேசும் கம்பி ஒன்று. முழங்கை வரை ஏறும் தடித்த கையுறை. டப்பாக்களுக்கு ரப்பர் வளையம்: பேக்கிங் பவுடருக்கு ஒன்று, சோடாவுக்கு இரண்டு. எல்லாவற்றுக்கும் ராணி மாதிரி நடுவில் வீற்றிருந்தது பேசும் தராசு. அதில் இரண்டு விசைகள். ஒன்றை அழுத்தினால் எடையைப் பெண் குரலில் சொல்லும். இன்னொன்றை அழுத்தினால், தட்டில் என்ன இருந்தாலும் அதைக் கணக்கில் எடுக்காமல் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். காலிக் கிண்ணத்தை வைத்துவிட்டு இந்தப் பூஜ்ய விசையை அழுத்தினால், கிண்ணத்தின் எடை போய் உள்ளே போடும் பொருளின் எடை மட்டும் வரும். இதுதான் வழக்கம். எல்லா வீட்டிலும் அப்படித்தான் நிறுப்பார்கள்.

நான்கு மணிக்கு அவர் வாசல் கதவைத் திறந்து வைத்தார். அதுதான் அழைப்பு. கேக் வாசனை மாடிப்படியில் மேலும் கீழும் போகும். டீ போட்டு வைத்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். நான்கு வருடமாக அப்படித்தான். ஒரு காலத்தில் ஒன்பது பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் கம்பவுண்டர் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்காருவார். குழி விழத் தொடங்கிய பிறகு முதல் வாரம் மூன்றாம் மாடி டீச்சர் வரவில்லை, சர்க்கரை ஏறிவிட்டதாம். அடுத்த வாரம் கம்பவுண்டருக்குப் பல்வலி. பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவருக்குப் பல்வலி! அதற்கடுத்த வாரம் எதிர்வீட்டுத் தம்பதிக்கு யாரோ விருந்தாளிகள். ஒவ்வொரு வாரமும் ‘ஒருத்தர்தானே, அடுத்த வாரம் வருவார்’ என்று அவர் நினைத்துக்கொண்டார். இந்த வாரம் படியில் ஒரே ஒரு செருப்புச் சத்தம்தான் ஏறி வந்தது. கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லரம்மா.

"என்ன சார், இன்னிக்கு நான் மட்டும்தானா?"

"மத்தவங்க வருவாங்க. உக்காருங்க."

துண்டை நீட்டினார். டெய்லரம்மா வாங்கிக் கடித்தாள். அவர் காதைக் கூர்மையாக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது மெல்லலுக்குப் பிறகு மடக்கென்று டீ இறங்கும் சத்தம்.

"நல்லா இருக்கு சார்."

"டெய்லரம்மா, உண்மையைச் சொல்லுங்க."

"உண்மைதான் சொல்றேன்."

"முன்னெல்லாம் ஒரு வாய்க்குப் பதினோரு தடவை மெல்லுவீங்க. இப்ப மூணு தடவை மென்னுட்டு டீயை ஊத்தி உள்ள தள்ளுறீங்க."

டெய்லரம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "அடப்பாவமே, அதையுமா எண்ணுவீங்க?"

"காதை வச்சுப் பொழப்பு நடத்துனவன்ம்மா நான்."

"சரி, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். கோபப்படக் கூடாது. சோப்பு மாதிரி இருக்கு சார். இதை வச்சுக் குளிக்கலாம், திங்க முடியாது."

ஆபரேட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் வலித்தது.

"ஏழு வாரமா ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க செய்யறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் சனிக்கிழமை நான் எங்க போறது? கடையில நாள் பூரா மிஷின்கிட்டதான் பேசிட்டிருக்கேன். அது பதிலே பேசாது, நூலை மட்டும் அறுக்கும்."

அவர் டம்ளரை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு சனிக்கிழமை பாக்கறேன். அதுவும் குழி விழுந்துச்சுன்னா அடுப்பை மூடிடறேன்."

"அடுப்பை மூடினா கதவையும் மூடிடுவீங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள் டெய்லரம்மா. போகும்போது சோப்புத் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். கீழே போய் அதை என்ன செய்வாள் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அவள் சொன்னது பொய்யில்லை. அந்தக் கதவு வாரத்தில் ஒரு முறை திறக்கிறது என்றால் கேக்கினால்தான். மற்ற ஆறு நாளும் அவரிடம் பேசுவது பால்காரர், தராசு, சூட்டுக்கம்பி. அதில் பால்காரர் பேசுவதுதான் குறைவு.

மறுநாள் காலை மகள் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி அவளுடைய நேரம்.

"அப்பா, சாப்பிட்டியா? கேக் எப்படி வந்துச்சு?"

"குழி."

"மறுபடியுமா?"

அவருக்கு ஒரு சந்தேகம் சில நாளாக அரித்துக்கொண்டிருந்தது. மகள் பக்கத்தில் நின்றிருந்த காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது. அவள் போன பிறகுதான் கெட்டது. அப்படியானால் தானே செய்ததாக நினைத்துக்கொண்டிருந்த கேக்கை அவள்தான் சத்தமில்லாமல் திருத்தியிருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. பதில் ‘ஆமாம்’ என்றால் நான்கு வருடப் பெருமையும் ஒரு நொடியில் போய்விடும்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீ இங்க இருந்தப்ப எனக்குத் தெரியாம கேக்குல ஏதாவது சேத்தியா? இல்ல எதையாவது குறைச்சியா? தட்டைத் திருப்பி வச்சியா?"

மறுமுனையில் வெடிச்சிரிப்பு. "நானா? எனக்கு முட்டையே உடைக்கத் தெரியாதுப்பா. நான் உன் கேக்குல சேத்ததெல்லாம் என் வாயைத்தான். ‘கொட்டுப்பா, சீக்கிரம் கொட்டுப்பா, பஸ் போயிடும்’னு பின்னாடி நின்னு கத்திட்டே இருப்பேன்ல, அவ்வளவுதான்."

அவருக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. சனிக்கிழமைகளில் அவளுக்கு மதிய வேலை. கேக் கலவை அடுப்புக்குள் போகிற வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். தோளுக்குப் பின்னால் காலைத் தட்டிக்கொண்டே இருப்பாள்.

"இப்ப யாரும் கத்தறதில்லை," என்றார். "நிதானமாத்தான் செய்யறேன். பதறாத காரியம் சிதறாது."

"சிதறலை, குழி விழுது," என்றாள் மகள். "ஒரு கேக்குக்கு எவ்வளவு நேரம் ஆகுதுப்பா இப்ப?"

"ரெண்டரை மணி நேரம்."

"ரெண்டரையா? நான் இருந்தப்ப முக்கால் மணி நேரத்துல கலவை உள்ள போயிடும்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "அப்பா, நீ தனியா ரொம்ப..."

"பால் பொங்குது, வச்சிடறேன்," என்றார். அடுப்பில் பால் இல்லை.

ஞாயிறும் திங்களும் அவர் ஒவ்வொன்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். முதல் சந்தேகம் டப்பா மேல். சோடாவும் பேக்கிங் பவுடரும் இடம் மாறியிருந்தால் சோப்பு மாதிரிதான் இருக்கும். ஒற்றை வளைய டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வெந்நீரில் போட்டுக் காதருகே வைத்தார். சுர்ரென்று நுரை பொங்கும் சத்தம் கேட்டது. பேக்கிங் பவுடருக்குள்ளேயே புளிப்பும் இருப்பதால் வெந்நீர் பட்டதும் பொங்கும். இரட்டை வளைய டப்பாவிலிருந்து எடுத்ததை இன்னொரு கோப்பை வெந்நீரில் போட்டால் கிட்டத்தட்ட மௌனம். நான்கு சொட்டு வினிகர் விட்ட பிறகுதான் சீறியது. அது சோடா. இரண்டும் அதனதன் இடத்தில்தான் இருந்தன.

அடுத்து அடுப்பு. பேசும் கம்பியை உள்ளே வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தார். நூற்றெழுபத்து மூன்று என்றது. அதுவும் குற்றமற்றது. தராசின் மேல் பிரிக்காத வெண்ணெய்ப் பொட்டலத்தை வைத்தார். "இருநூற்று ஐம்பத்து நான்கு" என்றாள் தராசுக்காரி. வெண்ணெய் இருநூற்றைம்பது, காகிதம் நான்கு. ஊசி முனையளவும் தப்பில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை எதுவும் ஓடவில்லை. டெய்லரம்மா கொடுத்து வைத்திருந்த பொத்தான் ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பழைய சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த பொத்தான்கள். அவற்றைத் தொட்டுப் பார்த்து அளவு வாரியாகப் பிரித்துக் கொடுப்பது அவருடைய வேலை. கண் உள்ளவர்களைவிட அவர் வேகமாகப் பிரிப்பார். இன்றைக்கு விரல் மட்டும் நகர்ந்தது, மனது நகரவில்லை. மகளின் குரல் காதிலேயே நின்றது. ரெண்டரையா?

கேக் செய்கிறபோது நேரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற பொருள் எது? முட்டைக்கு நேரம் தெரியாது. மாவுக்குத் தெரியாது. கலவை வெளியிலேயே அதிகநேரம் கிடந்தால் பொங்கும் சக்தி குறையும்தான். ஆனால் அப்போது கேக் எழும்பாமல் தட்டையாகத்தான் வரும். இவருடையதோ அளவுக்கு மீறி எழும்பி, தாங்க முடியாமல் உள்ளே விழுகிறது. கசக்கவும் செய்கிறது. பேக்கிங் பவுடர் அதிகமானால்தான் அப்படி ஆகும். ஆனால் பத்து கிராம்தானே போடுகிறார்? தராசுக்காரி பத்து என்றுதானே சொல்கிறாள்?

விரலுக்கிடையில் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார்.

ஒரே அளவுப் பொத்தான் இருபது எண்ணினார். காலிக் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ய விசையை அழுத்தினார். இருபதையும் மொத்தமாகக் கொட்டினார்.

"ஆறு."

பொத்தானை வெளியே எடுத்து மறுபடியும் கொட்டினார். மறுபடியும் ஆறு. தராசு சத்தியவதி. ஜாடியை மூடப் போனவர் நின்றார். பேக்கிங் பவுடரை அவர் இப்படிக் கொட்டுவது இல்லையே! மகள் காலைத் தட்டிக்கொண்டு நின்ற நாளில் டப்பாவைச் சாய்த்து இரண்டு உதறு உதறுவார். பதினொன்று என்றால் கொஞ்சம் கிள்ளி எடுப்பார். இப்போது யார் தட்டுகிறார்கள்? இப்போதெல்லாம் கரண்டிக் காம்பின் நுனியால் தொட்டுத் தொட்டுப் போடுகிறார். ஒவ்வொரு தொடலுக்கும் விசையை அழுத்தி எடையைக் கேட்கிறார். அந்தக் குரல் பேசி முடித்த பிறகுதான் அடுத்தது. அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் பதில் சொல்கிற குரல் வீட்டில் அது ஒன்றுதான்.

கிண்ணத்தைக் காலி செய்து பூஜ்ய விசையை அழுத்தினார். ஒரு பொத்தானைப் போட்டார். எடை சொல்லும் விசையை அழுத்தினார்.

"பூஜ்யம்."

சரி, ஒரு பொத்தான் ஒரு கிராம் இருக்காது. ஒரு மூச்சு விட்டு இன்னொன்று. "பூஜ்யம்." மூன்றாவது. "பூஜ்யம்." மூன்று பொத்தானுக்கு ஒரு கிராம் வந்திருக்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பதினைந்தாவதுக்கும் அதே பூஜ்யம். இருபதாவதையும் போட்டார்.

"பூஜ்யம்," என்றாள் தராசுக்காரி, அதே இனிய குரலில்.

கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார். இருபது பொத்தானும் அங்கேதான் கிடந்தன. அத்தனையையும் அள்ளி வெளியே எடுத்துவிட்டு விசையை அழுத்தினார்.

"மைனஸ் ஆறு."

ஆபரேட்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். எந்தத் தராசும் கொஞ்சம் அலைபாயும். தட்டில் தூசி படியும், ஈரம் ஏறும், அறை சூடானால் உள்ளே இருக்கும் உலோகம் இம்மி விரியும். ஒன்றுமே வைக்காமல் தராசு ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று உளறிக்கொண்டிருந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் செய்தவர்கள் அதற்கு ஒரு புத்தி வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்தில் நிற்கும்போது மிகச் சிறிய மாற்றம் மெதுவாக வந்தால், ‘இது தூசி’ என்று முடிவு செய்து அதையே புதிய பூஜ்யமாக வைத்துக்கொள். நல்ல ஏற்பாடுதான். பொருளைப் போடுகிறவர்கள் பொதபொதவென்று போடுவார்கள் என்ற நம்பிக்கையில் செய்த ஏற்பாடு. கரண்டிக் காம்பின் நுனியால் ஒருவர் அரை மணி நேரம் போடுவார் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆக, ஏழு வாரமும் முதலில் போட்ட ஐந்தாறு கிராமைத் தராசு தூசி என்று விழுங்கியிருக்கிறது. எப்போதாவது கை தவறி ஒரு பெரிய சிட்டிகை விழுந்த பிறகுதான் எண்ணவே ஆரம்பித்திருக்கிறது. அவர் பத்து என்று கேட்டபோது கிண்ணத்தில் பதினாறு இருந்திருக்கிறது. எவ்வளவு நிதானமோ அவ்வளவு விழுங்கல். எவ்வளவு விழுங்கலோ அவ்வளவு குழி. ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கத்த ஓர் ஆள் இருந்தவரை அந்தத் தராசில் ஒரு குறையும் இல்லை.

டீச்சர், கம்பவுண்டர், எதிர்வீட்டுத் தம்பதி. ஒருத்தர்தானே, ஒருத்தர்தானே என்று தானும் எண்ணாமல் விட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. தராசின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை.

வழி கண்டுபிடிக்க இன்னும் ஒரு நாள் ஆனது. வேகமாகக் கொட்டலாம், ஆனால் கொட்டியது மேசையில் சிந்தினால் சொல்ல இப்போது மகள் பக்கத்தில் இல்லை. மெதுவாகப் போடுவதுதான் அவர் கைக்குச் சரி. அப்படியென்றால் தராசைத் திருத்த வேண்டும். அது விழுங்குவது பூஜ்யத்தில் நிற்கும்போது மட்டும்தானே? பூஜ்யத்திலேயே நிற்காமல் செய்துவிட்டால்? புதன்கிழமை மாலை பொத்தானை வைத்தே அதைச் சோதித்தார். ஒரு முறைக்கு மூன்று முறை சரியாக வந்தது.

சனிக்கிழமை பகல் மூன்றே முக்கால் மணிக்குக் கேக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை ஓரத்திலிருந்து கிளம்பி மெல்ல மேடேறியது. நடுவில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கேக்கின் சூடு உள்ளங்கைக்கு இதமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கதவைத் திறந்தார். டெய்லரம்மா வந்தாள். கடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினோராவது மெல்லலுக்குப் பிறகும் டீ இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

"எண்ணிட்டீங்களா?" என்றாள் வாயில் கேக்கோடு.

"எண்ணிட்டேன்."

"இன்னொரு துண்டு குடுங்க. அதையும் எண்ணுங்க."

அப்போது படியில் டீச்சரின் குதி உயர்ந்த செருப்புச் சத்தம் ஏறி வந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு சத்தம் மேலே போய்விட்டது. மூன்றாம் மாடியில் கதவு திறந்து சாத்தும் ஒலி கேட்டது.

"போகட்டும் சார்," என்றாள் டெய்லரம்மா. "ஏழு வாரம் சோப்பு திங்க வச்சிருக்கீங்க, ஒரே நாள்ல நம்பிடுவாங்களா? ஒரு துண்டைக் குடுங்க, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன். அப்புறம் அடுத்த வாரம் வர்றாங்களா இல்லையான்னு பாருங்க. ஆமா, எதுல தப்புன்னு கேட்டா என்ன சொல்றது?"

"தராசுலயும் இல்லை, எங்கிட்டயும் இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் சேந்ததுலதான்."

"அது யாருக்கும் புரியாது. எனக்கே புரியலை."

அவர் அவள் கையைத் தராசின் பக்கவாட்டுக்கு வழிகாட்டினார். அங்கே ஒரு தடித்த காகிதம் ஒட்டியிருந்தது. அதில் பிரெய்ல் புள்ளிகள். டெய்லரம்மா விரலால் தடவிப் பார்த்தாள். "துணியில வரிசையாப் போட்ட நூல் முடிச்சு மாதிரி இருக்கு. என்ன எழுதியிருக்கு?"

ஆபரேட்டர் தன் விரலை வைத்து, இடமிருந்து வலமாக, நிதானமாகப் படித்துக் காட்டினார்:

"காலிக் கிண்ணத்தை வை. பூஜ்ய விசையை அழுத்தாதே. கிண்ணம் நாற்பத்திரண்டு. பவுடரை எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போடு. ஐம்பத்திரண்டு என்றதும் நிறுத்து."